பங்கு வீதம்

டொங்காட்டில் இன்றிரவு எட்டு மணிக்கு மின்சாரம் போகும்.
இப்போது ஆறே முக்கால்.
மேசையில் லேப்டாப், தட்டில் ஆறிய ரொட்டி,
துணி கிளிப் இன்னும் கழற்றாத ரசீதுகள்.

போன வருஷம் புத்தாண்டுக்கு முன்னால் வந்த வெள்ளம்
கடைக்குள் இடுப்பளவு நின்றது.
வெல்டிங் மெஷினை அவர் தூக்கினார்.
ரசீதுப் பெட்டியை நான் தூக்கினேன்.
அப்புறம் ஒரு வாரம்
வீட்டுக் கொடியில், என் பாவாடைகளுக்குப் பக்கத்தில்,
கேஸ் சிலிண்டர் ஆறும், அரைக்கும் தட்டு ஒரு டஜனும்,
இரண்டங்குல வளைகுழாய் இருபத்தைந்தும்
காகிதமாய்க் காய்ந்தன.
வெளுத்துப்போனவற்றின் மேல்
நினைவிலிருந்து பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
வரித்துறை நம்புமோ என்னவோ.
சிபுசிசோ நம்புவான், குழாய்களை எண்ணி இறக்கியவன் அவன்.

கோயில் தேருக்குக் கொடுத்த இரண்டாயிரம் ராண்டைக்
கழித்துக்கொள்ளலாமா என்கிறார்.
சான்றிதழ் வேண்டும்.
இல்லை.
சரி, அது முருகன் கணக்கில் நிற்கட்டும்.

மணமானவரா? ஆம்.
சொத்து இருவருக்கும் பொதுவா? ஆம்.
தாலி கட்டிய நாலாம் நாள் வெருலம் ஆபீஸில்
கையெழுத்துப் போட்டபோது
அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமென்று
எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.
வீடு பொது. பக்கி வண்டி பொது. அதன் கடன் ரொம்பவே பொது.
சைலென்சர் கடை மட்டும் பத்தொன்பது வருஷமாய்
தனபாலன் முட்லி என்ற ஒற்றைப் பெயரில் போனது.
அந்தப் படிவங்களில் நான் எங்கும் இல்லை,
ஒரு தடவை டெலிபோன் செலவில்
என் நம்பர் வந்ததைத் தவிர.

இந்த வருஷம் தங்கை மகன் கிரீசன்
சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டான்.
லாபம் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
ஒரு தலையில் விழுந்தால் இவ்வளவு வரி,
இரண்டு தலையில் விழுந்தால் இவ்வளவு.
முப்பத்தோராயிரம் மிச்சம்.

"அப்போ உன்னையும் பார்ட்னர்னு போட்டுடுவோம் கோகி.
சும்மா, கணக்குக்காக."

"சும்மா போட முடியாது பெரியப்பா," என்றான் பையன்.
"பெரியம்மா நிஜமா பார்ட்னரா இருந்தாத்தான்.
கேட்டா காட்டணும்."

கடையில் அப்படியொரு மௌனம்
கிரைண்டர் ரிப்பேரான அன்றுகூட இருந்ததில்லை.
அவர் அலமாரியைப் பார்த்தார்.
அதில் பத்தொன்பது தடித்த ஃபைல்கள்,
முதுகுகளில் என் கையெழுத்து,
முதலிரண்டில் கொஞ்சம் அழகாக.
பாக்கிக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை எழுப்பிய குரல் யாருடையது,
பேங்க் மேனேஜர் முன்னால் அழாமல் உட்கார்ந்தது யார்,
நான் எதையும் சொல்லவில்லை.
அவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு,
"காட்டலாம்," என்றார்.
ஒரே ஒரு சொல். அதுவும் பையனிடம்.

ஏழே முக்கால்.
பங்கு வீதம்: ஐம்பது என்று அடிக்கிறேன்.
வரி குறைவதால் பாதியா,
பாதி என்பதால் பாதியா என்று
படிவம் கேட்கவில்லை.
எந்தத் தேதியிலிருந்து? மார்ச் ஒன்று, இரண்டாயிரத்து இருபத்திரண்டு.
அதற்கு முந்தைய காலத்துக்குக் கட்டமே இல்லை.
எழுதித்தான் ஆகவேண்டுமென்று கை துடித்தது,
ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டேன்.

அனுப்பு என்பதை அமுக்கிய பிறகுதான் இருட்டியது.
அமுக்கினது போய்ச் சேர்ந்ததா என்று
இரவெல்லாம் அவர் மூன்று தடவை கேட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு
போனில் குறுஞ்செய்தி. என் பெயருக்கு.
கோகிலம் முட்லி செலுத்த வேண்டியது
இருபதாயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்து ராண்ட்.

வெல்டிங் சத்தத்துக்கு மேலே கத்திப் படித்தேன்.
அவர் முகமூடியைத் தூக்கினார்.
"ஏன் இப்படிச் சிரிக்கிற? கட்டணும்டி அதை."

தெரியும்.
கவர்ன்மெண்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

"பெட்டியிலேர்ந்து எடுத்துக்கோ," என்றார்.
"என் பாதியிலேர்ந்து எடுத்துக்கிறேன்."

வெளியே ஒரு டாக்ஸி,
குழாய் தரையில் இழுபட, அலறிக்கொண்டே வந்து நின்றது.
சிபுசிசோ ஜாக்கியை உருட்டினான்.
நான் ரசீதுப் புத்தகத்தில்
புதுப் பக்கம் திருப்பினேன்.