பதினோராம் எண்

ஐந்தரை மணி, பத்து மாவுங் துறை.
பன்னிரண்டு ஜெனாஹா வாங்கினேன், இலாகா காசு.
ஆ கியோங் தராசில் விரல் வைக்காமல் நிறுத்தான்;
அரசாங்க ஆளுக்கு அவ்வளவு மரியாதை.

வயிற்றைக் கீறினால் சினை,
ஒன்பதாம் எண்ணுக்கு இருநூறு கிராம்.
ஈரல் மட்டும் வற்றிப்போய்,
துவைத்துத் துவைத்து வெளுத்த துணிபோல.

தலைக்குள் ஒரு கல்.
அறுத்துத் தேய்த்து விளக்கின்மேல் வைத்தால்
ஆண்டுகள் வளையம் வளையமாய்.
முதல் நான்கும் அகலம்:
தின்றதெல்லாம் உடம்பாயிற்று.
ஐந்தாவதிலிருந்து
கோட்டோடு கோடு உரசுகிறது.
நோயில்லை. பஞ்சமில்லை.
முட்டையிடத் தொடங்கியிருக்கிறது.
இறால் அதே இறால்தான்,
போகிற வழி வேறு.

பதினொன்று மட்டும்
ஏழு வரை அகலமாகவே போயிருந்தது.
ஒன்பதைவிட ஒரு முழங்கை நீளம்,
சினையை நிறுக்கச் சின்னத் தராசு போதவில்லை.
காத்திருந்ததா, காலம் வாய்க்கவில்லையா?
கல்லில் அதற்குக் கோடு இல்லை.

மதியம் அஞ்சலையக்கா வந்தார்,
கல் எடுத்த தலைகள் அவர் கடைக் கறிக்கு.
"இது என்னாடி, யானைத் தலை!
இதுக்குப் பிள்ளைங்க எத்தனை லட்சம் இருக்கும்?"
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.
எனக்கு முப்பத்தெட்டு.
அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்.
பையை நீட்டினேன், வாங்கிக்கொண்டார்.

படிவத்தின் கடைசிக் கட்டம்: குறிப்புகள்.
'தாமதம்' என்று எழுதி,
அடித்துவிட்டு,
'பெரிது' என்று எழுதினேன்.