வெள்ளை பொறுக்குதல்

ஐப்பசி அடைமழை, மூன்றாம் நாள்.
கன்னடியன் கால்வாய் செம்மண் குழம்பாய்ப் போகிறது.
பொரிப்பகத்து ஏழாம் தொட்டியில்
தண்ணீர் இருபத்துநாலு டிகிரிக்கு இறங்கிவிட்டது.
விராலுக்கு இது குளிர்.
பூஞ்சைக்குக் கல்யாணம்.

முட்டைகள் மேலே மிதக்கின்றன
ஆறிய பாலின் ஆடைபோல் ஒட்டி ஒதுங்கி.
உயிருள்ளது தேன் நிறம்.
செத்தது வெள்ளை.
செத்ததன்மேல்தான் முதலில் பஞ்சு முளைக்கும்,
அப்புறம் மெல்ல
பக்கத்து வீட்டுக்குக் கை நீட்டும்.

வாயில் டார்ச்,
கையில் மகனுடைய பழைய இங்க் ஃபில்லர்.
ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்துச்
சட்டியில் விடுகிறேன்.
பஞ்சு பிடித்தவை கொத்தாக வரும்,
நாலு உயிரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
குமிழி விடும் மோட்டார்
ஒரு முனகலோடு நின்றது.
அதுவரை கேட்காத மழை
தகரத்தில் கேட்டது.

ஞானதிரவியம் அண்ணாச்சி போனில்:
'பின்வரிசையில அந்தப் பச்சை பாட்டில் கெடக்கும்.
ஒரு சொட்டு விடு ளா.
ஒரு பயலுக்குந் தெரியாது.'

தடை வந்து எத்தனையோ வருசம்,
எறிய மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.
மூடியைத் தொட்டாலே
விரல் ஒரு வாரம் பச்சையாக இருக்கும்.

'சொட்டு மீனுக்குள்ள போயி உக்காரும் அண்ணாச்சி.
மீனு ஒங்க வீட்டுக் கொழம்புக்கும் வரும்லா.'

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழை மட்டும்.
பிறகு,
'சரி, உப்பே போடு.'

தூத்துக்குடிக் கல்லுப்பு,
லிட்டருக்கு இரண்டு கிராம்,
கரைத்து வடிகட்டி ஓரமாக ஊற்றினேன்.
குமிழிக்குப் பதிலாக
உள்ளங்கையால் தண்ணீரை
அலைத்துக்கொண்டே இருந்தேன், நாலு மணிவரை.
தொட்டிலை ஆட்டுவதுபோல் என்று சொல்ல மாட்டேன்.
தோள் வலித்தது, அவ்வளவுதான்.

விடிந்ததும் நோட்டில் எழுதினேன்:
ஏழாம் தொட்டி. எடுத்தவை 1,846.
உப்பு ஒருமுறை. மின்தடை இரண்டு மணி நேரம்.
என் கண் சொக்கியபோது
தவறி எடுத்த தேன் நிறம் எத்தனை என்பதற்கு
நோட்டில் கட்டம் கிடையாது.

பகல் வேலைக்கு வந்த உலகம்மாள்
குனிந்து பார்த்தாள்.
'கண்ணு வச்சிருக்கு மைனி, சிலதுல.'
எத்தனை என்று நானும் கேட்கவில்லை.
பொரிந்தால் சாயங்காலம் தெரியும்.

சேரன்மகாதேவி பஸ்ஸில் தூங்கி
இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன்.
வீட்டில் அவர் வடித்து வைத்திருந்தார்.
தட்டு நிறைய
வெள்ளை வெள்ளையாக.

விரல் தானாகக் குவிந்து
ஒரு பருக்கையைத் தனியே எடுத்து
ஓரத்தில் வைத்தது.
இன்னொன்றை.
இன்னொன்றை.
'கல்லா கெடக்கு?' என்றார்.