நாலரைச் சுற்று

திங்கள்சந்தையில் பல்செட் கடை ஒன்று
காலியானபோது வாங்கினது இந்த மெஷின்.
சோற்றுப்பானை அளவில் எவர்சில்வர் தொட்டி.
எத்தனை பேர் சிரிப்பை
இது கழுவியிருக்கும் என்று கேட்டான் ஸ்டெல்லஸ்.
வெற்றிலைக் கறையும் பெட்ரோல் பிசினும்
ஒரே நிறந்தான்லே என்றேன்.

முதல் வாரமே ஒரு கார்பரேட்டரை
மறந்து ஒரு மணிநேரம் போட்டுவைத்தேன்.
காரம் கூடி அலுமினியம் கறுத்துப்போய் வந்தது.
சொந்தக்காரன் ஏசியதை இங்கே எழுதமுடியாது.
அதன் பிறகு பரோட்டா பொதிந்த சில்வர் தாளை
முதலில் முக்கிப் பார்ப்பேன்:
ஒரு நிமிஷத்தில் கறையான் தின்ற மாதிரி
பொத்தல் பொத்தலாய் வந்தால்
மெஷின் வேலை செய்கிறது.
கண்ணில் படாத குமிழிகள் உடைகிற சத்தத்தில்
நமக்குக் கேட்பது மிச்சம்தான்.
எதிர்வீட்டு நாய்க்கு முழுசும் கேட்கும்.
சுவிட்சைப் போட்டதும்
வட்டிக்காரன் வந்ததுபோல் எழுந்து போய்விடும்.

கிரசன்ஷியா வந்தது புதன்கிழமை.
வண்டி இல்லை.
துணிக்கடைப் பைக்குள் கார்பரேட்டர் மட்டும்.
தராசில் மீனை வைப்பதுபோல் மேசையில் வைத்தாள்.
"யாரு கழட்டினது?"
"நான்தான். போன்ல பாத்து."
பழைய பல்சர். குளச்சலில் மீன் எடுத்து
கருங்கல், புதுக்கடை வரைக்கும் ஓட்டம்.
பின்னால் பெட்டி, பெட்டிக்குள் ஐஸ்,
ஐஸ் வடிந்த தண்ணீர் எங்கெல்லாமோ.

ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தேன்.
ஓரத்தில் பச்சையாய்ப் பூத்த உப்பு,
அடியில் கருப்பட்டிப் பாகாய் இறுகின பெட்ரோல்.
பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
வெளிச்சம் வரவில்லை.
ஊசியால் குத்தலாம். ஓட்டை பெரிசாகி
ஆயுசுக்கும் எண்ணெய் குடிக்கும்.

டயஃப்ரம், ஓ-ரிங், ஃப்ளோட்,
தொட்டி ஆகாததையெல்லாம் தனியே எடுத்தேன்.
கடைசியில் மிக்சர் ஸ்க்ரூ.
முழுசாய் உள்ளே முறுக்கியபடி எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
பிறகும் ஒரு அரை.
"எந்தச் சவம் வெச்சான் இத?
கணக்குல பாதி போதுமே."
அவள் பேசவில்லை.
சுவரில் சாக்பீஸால் 4½ என்று எழுதினேன்.

பத்து நிமிஷம்.
திருப்பிப் போட்டு இன்னொரு பத்து.
ஒரு துவாரத்திலிருந்து
கறுப்பு நூல் ஒன்று அறுபடாமல் இறங்கியது.
தொட்டிமேல் குனிந்து கேட்டாள்:
"இவ்ளோ நாளும் இதா உள்ள கெடந்து?"

காற்றடித்து மறுபடி ஜெட்டைப் பிடித்தேன்.
மயிர் நுழையும் ஓட்டைக்குள்
சர்ச் கோபுரத்து டியூப்லைட் எரிந்தது.

சாயங்காலம் மண்டைக்காட்டில் அவள் வீட்டுக்கே போய் மாட்டினேன்.
எடுத்த அளவில் திருப்பி வைப்பது மரியாதை,
அதனால் நாலரை.
உதைத்ததும் எழுந்தது.
எழுந்து இருமி
வாழைமேல் கரும்புகையாய்க் கக்கி நின்றது.

அப்போதுதான் சொன்னாள்.
"அது எந்த மேஸ்திரியும் வெச்சதில்ல.
காலம்பற மூணு மணிக்கு ஸ்டார்ட் ஆவாது.
கொஞ்சம் திருப்புவேன், ஓடும்.
ரெண்டு மாசம் களிஞ்சா இன்னும் கொஞ்சம்."
நாலு வருஷமாக
அடைகிற ஓட்டைக்கு ஈடாக
இவள் திறந்துகொண்டே வந்திருக்கிறாள்,
புத்தகம் இல்லாமல், காதை வைத்து.
அந்தந்தக் காலையில்
அவளுக்குக் கேட்டதெல்லாம் சரிதான்.

திருப்புளியை நீட்டினேன். வாங்கவில்லை.
மீன்பெட்டிக்குள் கிடந்த தன்னுடையதை எடுத்தாள்,
பிடியில் ஒரு செதில்.
வண்டியை மறுபடி உதைத்து, தலையைச் சாய்த்து
உள்பக்கமாய்க் கால் சுற்று, கால் சுற்று.
ஓரிடத்தில் இஞ்சின் தடுமாறியது.
ஒரு இம்மி திரும்பி வந்தாள்.
புகை நின்றது.
எத்தனை சுற்று என்று நான் எண்ணியிருந்தேன்.
சொல்லவில்லை.

நானூறு கேட்டேன், முந்நூற்றைம்பது தந்தாள்.
"ஸ்க்ரூ திருப்பினது நான்லா."

சுவரில் 4½ இன்னும் இருக்கிறது.
யாரோ வைத்த கடன் என்று
ஸ்டெல்லஸ் நினைத்துக்கொண்டிருக்கிறான்.