துண்டு இல்லாத செலவு

பன்னிரண்டு பக்கம். எல்லாம் பிரெஞ்சில்.
பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே
ஆரபி மேசையில் குனிந்து வாசிக்கிறாள்.
"அம்மா, நீங்களும் பாதிக்கப்பட்டவர் எண்டு இதில கிடக்கு."
அப்ப அப்பா?
"அப்பாவும்தான். அவருக்கு வேறை பெட்டி."

சம்பவம் நடந்த இடம்:
மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன்,
யாரோ வீட்டு வெளிப்படிக்கட்டு.
கீழிருந்து மூன்றாம் படி.
நேரம்:
பீட்சாக் கடை முதலாளி எனக்குப் போன் எடுத்து
"குகநேசன் எங்கை? ஓடர் இன்னும் போய்ச் சேரேல்லை" என்று
ஏசியதற்குச் சற்று முன்.
பதினொன்று நாற்பது என்று எழுதினாள்.
அது போதுமாம்.

நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் விவரிக்கவும்.
ஆறு கோடு விட்டிருக்கிறார்கள்.
என் சொந்த வார்த்தைகள் ஒன்றும்
அந்தக் கோட்டில் ஏறாது.
பேனையைப் பிடித்தபடி பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதின்மூன்று வயது.
பிரெஞ்சில் இறந்தகாலம் இரண்டு வகையாம்,
தகப்பன் குத்துப்பட்டதற்கு எது சரியென்று
விரலில் எண்ணிப் பார்த்தாள்.

ஈமச்செலவு. துண்டுகளை இணைக்கவும்.
பெட்டிக்கு உண்டு. மண்டபத்துக்கு, எரித்ததற்கு,
பூவுக்கு, கறுப்புக் காருக்கு எல்லாம் உண்டு.
ஐயருக்கு இல்லை.
"தட்சணைக்குத் துண்டோ, பிள்ளை?"
என்றவர், என்ன நினைத்தாரோ,
சுவர் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துப்
பின்பக்கம் எழுதித் தந்தார்:
அமரர் குகநேசன், அந்தியேட்டி,
இருநூற்றைம்பது டொலர், பெற்றுக்கொண்டேன்.

இரண்டு கிழமையால் மடாம் கானியோன் போன் எடுத்தாள்.
தாளின் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்திருக்கிறாள்.
வியாழன், ஒன்றரை முதல் மூன்று என்று இருக்கிறதே,
கிரியை நடந்த நேரமா?
ஆரபி வாயைப் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்து, சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
இல்லை மடாம், அது
ஒன்றுமே தொடங்கக்கூடாத நேரம்.
மறுமுனையில் தட்டுகிற சத்தம் நின்றது.
பிறகு தொடங்கியது.
கெபெக் அரசாங்கத்தின் கோப்பொன்றில் இப்போது
ராகுகாலம் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி.
இதற்கு முன் உறவினர் எவரின் மரணத்துக்காவது
இழப்பீடு கேட்டிருக்கிறீர்களா?
என் அண்ணாவை வேலிக்கரையில் சுட்டார்கள்.
கேட்க ஒரு யன்னல் இருக்கவில்லை,
கேட்டவனையும் கொண்டுபோகிற காலம்.
இல்லை என்று போடு, என்றேன்.
பிள்ளை போட்டாள்.
அவளுக்கு மாமா ஒருவர் இருந்ததே
சரியாகத் தெரியாது.

லிஃப்டில் பக்கத்து வீட்டு வாகீசரி,
"காசு வருமாமே" என்றாள்.
கெட்டவளில்லை. எட்டு நாளும் சோறு சமைத்துத் தந்தவள்.
அப்படியிருந்தும் மூன்றாம் மாடியிலேயே இறங்கி
மீதியைப் படியால் ஏறினேன்.

மே மாதம் வந்தது.
துண்டு இருந்ததற்கெல்லாம் சதம் பிசகாமல்.
ஐயரின் இருநூற்றைம்பதும்.
செவ்வாய்க்கிழமைகளில் ஆரபி ஒரு பெண்ணிடம் போகிறாள்,
அதற்கும் அவர்களே கொடுக்கிறார்கள்.
என்ன கதைத்தாய் என்று நான் கேட்பதில்லை.
திரும்பி வரும்போது பசிக்கிறது என்கிறாள்.
அது நல்லது.

வேறு ஏதும் செலவு விடுபட்டதா
என்று மடாம் கடைசியாய்க் கேட்டாள்.
இல்லை என்றேன்.
அது பொய்.
எட்டுச்செலவுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம்,
கணவாய்க்கறி, மிளகாய்ப் பொரியல், ஒரு பியர்.
ஆறு போத்தலாய்த்தான் விற்றார்கள்.
அந்தத் துண்டை அனுப்ப வெட்கமாயிருந்தது.

மீதி ஐந்தும் பிரிட்ஜ் கதவில் நிற்கின்றன.
திறந்தால் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும்.
காலையில் பால் எடுக்கிற ஆரபி
நான் எழும்பிவிடாதபடி
ஒரு கையால் அவற்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு
மற்றக் கையால் மெல்லத் திறக்கிறாள்.