வடக்கே போ

மூன்று நாள் நின்றது மூடுபனி.
குதிரைக்குத் தன் காதே தெரியவில்லை.
ஈட்டியை நீட்டினால்
எதிரியா சித்தப்பன் மகனா என்பது
குத்திய பிறகுதான் தெரியும்.

வெண்கல நெற்றிக்காரன் ஊதிய பனி அது.
அவனுக்கு எண்பது தம்பிகள்,
மணலும் கல்லும்தான் அவர்களுக்கு உணவு என்றார்கள்.
நான் கிட்டத்தில் பார்த்தது ஒருவனை.
செத்துக் கிடந்த அவன் வாயில்
தினைச்சோறு இருந்தது,
பாதி மென்றபடி.

மஞ்சள் மண்ணின் அரசன்
தேரில் ஒரு மரப்பொம்மையை நிறுத்தினான்.
தேர் எப்பக்கம் திரும்பினாலும்
பொம்மையின் கை தெற்கையே காட்டியது.
அந்தக் கையை நம்பி வெளியே வந்தோம்.
வெளியே மழை நின்றிருந்தது,
எங்களுக்காகவே காத்திருந்ததுபோல.

காற்றை அவிழ்ப்பவன், மழையைக் கறப்பவன்
இருவரும் எதிரியின் சம்பளத்தில்.
ஒற்றைக்கால் மிருகத்தை உரித்து இழுத்துக் கட்டிய முரசு,
ஐந்நூறு காதம் கேட்கும் என்று பெருமை பேசிய முரசு,
நனைந்த சாக்குபோல் தொப்பென்றது.
படையின் வாலுக்குக்கூட எட்டவில்லை.

அப்போதுதான் அரசன்
மகளை வானத்திலிருந்து இறக்கினான்.

பச்சை ஆடை. மழித்ததுபோல் தலை.
பெயர் பா.
ஓரெழுத்துதான்,
சொல்லி உதடு மூடுமுன் உதடு காய்ந்துவிடும்.
அவள் ஓடவில்லை, கத்தவில்லை,
களத்தின் குறுக்கே நடந்தாள், அவ்வளவுதான்.
மழை அவளுக்கு ஒரு முழம் முன்பே நின்று
வந்த வழியே ஏறிப் போனது.
சேறு ஓடாக வெடித்தது.
வாழ்க வாழ்க என்று நான் கத்திய கத்தலில்
பக்கத்தில் நின்ற ரோங் பி காதைப் பொத்திக்கொண்டான்.
இருட்டுமுன் வெண்கல நெற்றி உருண்டது.

அவன் விலங்கை எறிந்த இடத்தில்
சிவந்த இலை மரமொன்று நிற்கிறதாம்.
பாடுகிறார்கள்.
அவள் நின்ற இடத்தில் புல்லும் இல்லை,
பாட்டும் இல்லை.

பிறகு ஒருநாள் அரசன் நாகத்தின் மேலேறி வானம் போனான்.
எழுபது பேரை ஏற்றிக்கொண்டான்.
இடம் கிடைக்காதவர்கள்
நாகத்தின் மீசையைப் பிடித்துத் தொங்கினார்கள்,
மீசை அறுந்து விழுந்தார்கள்.
மகள் எங்கே என்று
அவன் ஒருமுறையாவது கேட்டானா?
கேட்டதாக விழுந்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

அவளால் திரும்ப ஏற முடியவில்லை.
வானத்திலிருந்து கொண்டுவந்ததையெல்லாம்
எங்கள் களத்தில் செலவழித்துவிட்டாள்.

இப்போது நான் சாங்கான் ஆற்றங்கரையில் மடைக்காரன்.
இது இரண்டாம் பஞ்சம்.
என் மனைவி ஷுவோ ஒரு குவளை நீரை
முகத்துக்கு, காய்க்கு, கன்றுக்கு என
மூன்று முறை ஊற்றுகிறாள்.
அதிகாரி வந்து முறை சொன்னார்:
முதலில் வாய்க்காலைத் தூர்வாருங்கள்,
பிறகு எல்லோரும் சேர்ந்து
"அம்மா, வடக்கே போ" என்று கூவுங்கள்.
நல்ல குரல் வேண்டும் என்றதும்
ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது.

கூவினேன்.
அன்றைய அதே தொண்டை.

இரவில் அவள் மடைக்கு வந்தாள்.
குனிந்தாள். கடைசிக் குட்டை
அவள் உதட்டைவிட்டு விலகி விலகி
களிமண்ணாகியது.
"உன்னைத் தெரியும்," என்றாள்,
"அன்று என் பின்னால் நடந்தாய்.
இடது காலில் செருப்பில்லை."

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
அரிவாளைப் பின்னால் மறைத்தேன்,
எதற்கென்று இன்றும் தெரியாது.

"போகிறேன். எனக்கும் இந்த ஊர் அலுத்துவிட்டது.
வடக்கு எந்தப் பக்கம்?
மேலிருந்து விழுந்தவளுக்குத் திசை சொல்ல
யாரும் இருக்கவில்லை."

கையை நீட்டினேன்.
தேரிலிருந்த மரப்பொம்மைபோல்,
முகத்தில் ஒன்றுமில்லாமல்.

மூன்றாம் நாள் மழை.
பானைகளை வெளியே வைக்கக் கூப்பிட்டாள் ஷுவோ.
ரோங் பி தெருவில் குதித்தான், வேட்டிக்கூட இல்லாமல்.
நான் கூரைக்குள்ளேயே உட்கார்ந்து
செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தேன்,
இடது செருப்பு.
ஊசி போன பக்கமெல்லாம் கை
வடக்கே இழுத்தது.