எட்டாம் நம்பர் பெட்டி

தலைக்கு நூற்றிருபது.
மூன்றடிக்குக் கீழே என்றால் இலவசம்.
பில்கீஸ் தன் மகனை
முட்டி மடக்கி நிற்கச் சொன்னாள்.
"மூணடிதான் சார், மூஞ்சிதான் பெரிசு."

தண்டையார்பேட்டையில்
லாரிகள் தூங்குகிற மைதானம் அது.
மே மாதம் மட்டும்
வாசலில் ஒரு பிளாஸ்டிக் டைனோசர் நிற்கும்,
வெயிலில் இளகி
கழுத்து ஒருபக்கமாய்ச் சாய்ந்து.
"இன்னா கலீமு, சுளுக்கா அதுக்கு?"
என்றார் என் வீட்டுக்காரர்.
காலையிலிருந்து அவர் பேசிய
முதல் வாக்கியம்.

பனி உலகத்தில் பத்து நிமிஷம்.
வாடகை ஸ்வெட்டரில் யாருடைய வியர்வையோ.
பிள்ளைகள் நாலும்
ஒன்றின் சட்டைக்குள் ஒன்று தெர்மாகோல் கொட்டின.
ஸ்டெல்லா ஏசிக் குழாயின் கீழே கண்மூடி நின்றாள்.
"நீங்க போய்ட்டு வாங்கடி,
நான் இங்கியே குடியிருந்துக்கறேன்."

பிறகு ராட்டினம்.

தேசிங்கு வரமாட்டேன் என்றார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஆள்.
பன்னிரண்டு மாடி உயரத்தில்
கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து
கால்களுக்கிடையே கப்பலைப் பார்க்கிறவர்.
"இத்தப் போயி ஏறணுமா?"
அலட்சியம் என்று நினைத்தேன்.
பதினோரு வருஷமாய் நான் அப்படித்தான்
தப்புத் தப்பாய் நினைத்து வருகிறேன்.

எட்டாம் நம்பர் பெட்டி. நாங்கள் இருவர்.
ஏழில் பிள்ளைகள், ஒன்பதில் பில்கீஸும் கலீமும்.
முதல் சுற்றிலேயே கம்பியைப் பிடித்த அவர் விரல்கள்
வெளுத்துப்போயின.
கண்கள் இறுக மூடியிருந்தன.
உதடு மட்டும் அசைந்தது:
"லீவரு அவன் கைல இருக்குது."

குனிந்து பார்த்தேன்.
கீழே, பதினெட்டு வயசிருக்கும், ஒரு பையன்.
ஒரு கையில் லீவர், ஒரு கையில் போன்.
கண் போனில்.

நாலாவது சுற்றில் கரண்ட் போனது.

மைதானமே அவிந்தது. பாட்டு பாதியில் செத்தது.
உச்சியில் நின்று லேசாக ஆடியது பெட்டி.
ஒன்பதாம் பெட்டியிலிருந்து பில்கீஸ்
தனக்குத் தெரிந்த எல்லா துவாவையும்
ஒரே மூச்சில் ஓதினாள்.
ஏழாம் பெட்டியில் பிள்ளைகள் ஊளையிட்டன, சந்தோஷத்தில்.

அவர் கண் திறந்தார்.
நின்றுபோனதுதான் அவருக்கு வேண்டியிருந்தது போல.
"அதோ பாரு" என்றார்.
மணலியில் எரிகிற தீநாக்கு.
கொருக்குப்பேட்டை கேட்டில் காத்திருக்கும் ஹெட்லைட் வரிசை.
அதற்கப்பால் எல்லாம் கறுப்பு.
கறுப்பில் பாதி கடல்.
கரையோரம் நாலு சிவப்பு விளக்கு, உயரத்தில்.
"மூணாவது என்து."

எத்தனை நாள் சோற்றுக் கேரியரை
கேட்டிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பேன்!
இந்தப் பக்கம் நாம தெரிவோமா அங்கிருந்து, என்றேன்.
"நம்ம மொட்டமாடி தெரியும்.
நீ துணி காயப்போட்டா தெரியும்.
மஞ்ச நைட்டி நல்லாத் தெரியும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
காற்று மீன்வாசத்தோடு வந்தது,
கொஞ்சம் டீசல் வாசத்தோடும்.
கலீம் கீழே பார்த்து
டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெனரேட்டர் உறுமியது.
பெட்டி அசைந்ததும் அவர் கண் மறுபடி மூடிக்கொண்டது.
இந்த முறை கம்பியை விட்டு
என் மணிக்கட்டைப் பிடித்தார்.
வளையல் ஒன்று உடைந்தது.

இறங்கியதும் நேராக அந்தப் பையனிடம் போனார்.
சண்டைக்குத்தான் என்று பின்னாலேயே ஓடினேன்.
"எத்தினி மணிலேர்ந்துடா நிக்கிற?"
பையனுக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது.
பத்து விரலைக் காட்டினான், காலை என்பதுபோல்.
"மாத்த ஆளு?"
இல்லை என்று தலையாட்டினான்.

பிள்ளைகளுக்கு வாங்கிய டெல்லி அப்பளத்தில் ஒன்று
அவன் கைக்குப் போனது.
எங்கள் சின்னவன் அழுதான்.

லீவரை விடாமலே
ஒற்றைக் கையால் ஒடித்துத் தின்றான் பையன்.
போன் சட்டைப்பையில் இருந்தது,
இன்னும் ஏதோ பேசிக்கொண்டு.

ஸ்டெல்லாவைப் பனியிலிருந்து
இழுத்துவரப் போனோம்.