முதுகுப் பக்கம்

நான் பியானோவில் இருப்பவள்.
பாடுகிறவர்களின் முகம் எனக்குக் கிடைப்பதில்லை.
வில்யாண்டியில், பழைய தீயணைப்பு நிலைய மாடியில்,
செவ்வாய்தோறும் ஒன்பது முதுகுகள்.
பியானோவை நகர்த்த வழியில்லை.
கணப்புக்கும் சுவருக்கும் நடுவே
யாரோ எப்போதோ திணித்தது அப்படியே நின்றுவிட்டது.

காய்தோ நல்ல ஆசிரியன். முப்பத்துநான்கு வயது.
சட்டைக்கு மேலேயே எண்ணிவிடலாம் அவன் விலாவை.
"கடைசி விலா எலும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்,
மூச்சு அங்கே கதவைத் திறக்கும்" என்றான்.
எட்டுப் பேர் தொட்டார்கள்.
உர்வே தேடினாள்.
மேலே போனாள், கீழே வந்தாள்,
பரிசோதகர் நெருங்கி வர
பயணச்சீட்டுக்காகப் பை பையாகத் துழாவுகிறவள்போல.
பிறகு கிடைத்ததென்று தலையாட்டினாள்.
கிடைக்கவில்லை.
பின்னாலிருந்து பார்த்தால் முழங்கை பொய் சொல்லாது.

மறுவாரம் தரையில் படுக்கச் சொன்னான்.
வயிற்றின்மேல் ஆளுக்கொரு புத்தகம்,
அது ஏறி இறங்க வேண்டும்.
உர்வே காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்.
மறுபடி அவிழ்த்தாள்.
படுப்பதில் ஒன்றுமில்லை.
எழுவதுதான்,
எட்டுப் பேர் பார்க்காததுபோல் பார்த்திருக்க
கையூன்றி, ஒருக்களித்து, முனகி எழுவதுதான்.
இதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை,
மூச்சுவிடக் கற்கும் வகுப்பில்.

அன்று பேருந்து நிறுத்தத்தில், பனியில், அவளிடம் சொன்னேன்:
உன் முதுகு எனக்குத் தெரியும்.
அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையின் பின்னல்
தோள்பட்டைக்குக் கீழே விரிகிறது, ஒவ்வொரு வரிக்கு முன்னாலும்.
"பருத்தவளுக்குக் குரல் பெரிது என்று
சொல்லப்போகிறாய், அப்படித்தானே?"
இல்லை, உன் குரல் சின்னதுதான் என்றேன்.
சிரித்தாள். சிரித்துச் சிரித்து
ஒரு பேருந்தைத் தவறவிட்டோம்.

அவளேதான் சொன்னாள் அவனிடம், எல்லோர் முன்னாலும்.
"என் விலா இருக்கிறது. முகவரிதான் தெரியாது.
உங்கள் நாற்காலிக் கைப்பிடிகள்
வீடு போன பிறகும் என் தொடையில் இருக்கின்றன."
காய்தோவின் காது சிவந்தது.
தனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றான்.
பிறகு, அது ஒரு பதில் இல்லையே என்றும் அவனே சொன்னான்.

அடுத்த செவ்வாய் கீழே இருந்து
நான்கு நீள பெஞ்சுகளைச் சுமந்து வந்திருந்தான்,
மூச்சிரைக்க, படிக்குப் படி நின்று.
உட்காருங்கள், நில்லுங்கள், சுவரில் சாயுங்கள்.
மூச்சு எங்கே வந்ததென்று
இனி நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.

மார்தென், நாணல் மாதிரி இருப்பவன்,
"கொஞ்சம் சாப்பிடு, குரல் தானே வரும்" என்று
அத்தனை பேரும் அறிவுரை சொல்லும் மார்தென்,
குதிகாலில் என்றான்.
ஹெல்கி வெகுநேரம் பேசவில்லை.
"பதினான்கு வயதிலிருந்து எக்கிப் பிடித்த வயிறு.
இப்போதுதான் விட்டேன்.
கூரை விழவில்லை."
உர்வே திரும்பி என்னைப் பார்த்தாள்.
முதன்முறையாக ஒரு முகம்.
"முதுகில்," என்றாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
வசந்தகாலக் கச்சேரி உடைப் பட்டியலில்
இன்னும் மூன்றே அளவுகள்;
நான்காவதைப் பென்சிலால் எழுதி,
அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.
காய்தோ இன்னமும் சில நாள்
பழக்கத்தில் "விலா" என்று தொடங்கி
இருமலாக மாற்றிக்கொள்கிறான்.

நானோ
பச்சைப் பின்னல் விரியும்வரை காத்திருந்து
முதல் கட்டையை அழுத்துகிறேன்.
இரண்டாம் குரலில் உர்வேக்கு
ஸ்ருதி கொஞ்சம் இறங்குகிறது.
அதற்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை,
வீட்டில் பயிற்சி செய்வதில்லை அவள்.
முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.